முட்டிவலி என்கிற ரசிகர்

“இந்த முட்டிவலிக்கு இனிமே நீங்க ஒரு வரிகூடப் பதில் எழுதக் கூடாதும்மா” என்றார் மேனேஜர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பொம்மைக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவி அவள்தான். நாற்பத்திரண்டு துண்டுகளை, வாங்குகிறவர்களே பொருத்திச் செய்யும் ‘காவலன்’ பொம்மை அவள் கைவண்ணம். மூன்றாவது மாடல் வரைக்கும் காவலனின் முட்டியை மடக்கினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். நான்காவது மாடலில் அந்தப் பூட்டைத் தூக்கிவிட்டு, குழிக்குள் உருளும் குண்டு ஒன்றை வைத்தாள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும்.

அவ்வளவுதான், ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியின் கருத்துப் பக்கத்தில் ஒரே ரகளை. ‘காவலன் குடிச்சுட்டு நிக்கிற மாதிரி நிக்கிறான்’ என்றார் ஒருவர். ‘டக் சத்தம் இல்லாத காவலன் எனக்கு வேண்டவே வேண்டாம்’ என்றார் இன்னொருவர். ‘இப்பத்தான் ஒழுங்கா மண்டி போடுறான்’ என்று சிலர் எதிர்க்கட்சி கட்டினார்கள். இரண்டு மாதத்தில் எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. ‘முட்டிவலி’ என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் எழுதினார் அந்த ஆள். ரிட்டயர்டு இன்ஜினீயர் என்று அலுவலகத்தில் ஒரு கூட்டம் சொன்னது. வேலைவெட்டி இல்லாத காலேஜ் பையன் என்றது இன்னொரு கூட்டம்.

“பதினோரு மாசம். முந்நூத்திப் பன்னெண்டு பதில். எல்லாம் ஒரே ஆளுக்கு.” மேனேஜர் ஒரு கத்தைக் காகிதத்தை மேசையில் போட்டார்.

“அவர் சொல்றதுல விஷயம் இருக்கு சார். ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாமத்தான் திட்டினார். அப்புறம் ஸ்கேல் வெச்சு அளந்து திட்ட ஆரம்பிச்சுட்டார்.”

“நீங்களும் சளைக்கலையே! ‘கண்ணை நல்லாத் தொடச்சுட்டுப் பாருங்க’ன்னு எழுதியிருக்கீங்க. வாடிக்கையாளர்கிட்ட பேசுற பேச்சா இது?”

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. பதினோரு மாதமாக அந்த அலுவலகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு. ஏழு வயதுப் பையனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். பத்தாம் நாளே வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். எதைக் கேட்டாலும் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். மேனேஜருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வார் பாவம்!

“எழுதுறதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க சார்.” அவள் கெஞ்சினாள். “எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுறாங்க. கண்ணாடிப் பாத்திரத்தைக் கண்டு ஒதுங்கிப் போற மாதிரி போறாங்க. அவர் ஒருத்தர்தான் சார் என்கூடச் சண்டை போடுறார். அவருக்குப் பதில் சொல்லணுமேன்னுதான் காலைல எந்திரிக்கிறேன்.”

மேனேஜர் கத்தையின் மேல் தாளை எடுத்தார். “இன்னிக்கு அவர் எழுதினதைப் படிச்சீங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

அவரே படித்தார். “‘கணுக்காலை மாத்தினது சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா இடது குதிகால் தரையில படியல. அடியில ஒரு தாள் நுழையுது. நானே விட்டுப் பாத்தேன்.’”

“குதிகாலா!” அவள் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துது சார். அச்சுலதான் கோளாறு. இவருக்கு எப்படித்தான்...”

பேச்சு பாதியில் நின்றது.

“அதைத்தான் நானும் கேக்கிறேன். கணுக்காலை மாத்தினது அஞ்சாவது மாடல்ல. அது இன்னும் கடைக்கே வரல. இருக்கிறது ஒரே ஒரு சாம்பிள். வெள்ளிக்கிழமை அதை யாரு எடுத்துட்டுப் போனது?”

“நான்தான் சார்.”

“இன்னிக்குத் திங்கக்கிழமை. நடுவுல அந்த ஆள் அதைக் கையில வெச்சுப் பாத்திருக்கார். புது மாடலை வெளியில காட்டினா வேலை போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? மேல இருக்கிறவங்க விசாரணைன்னு நிக்கிறாங்க. பதினோரு மணிக்கு நான் போய்ப் பதில் சொல்லணும். உண்மையைச் சொல்லுங்கம்மா. யார் இந்த முட்டிவலி? எங்கே பாத்தீங்க அவரை?”

“சத்தியமாத் தெரியாது சார். அவர் முகத்தைக்கூட நான் பாத்ததில்ல.”

“அப்போ சாம்பிள் தானா நடந்து போச்சா?”

“பையிலேர்ந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைல நிக்க வெச்சேன். ரெண்டு நாளும் அங்கேயேதான் இருந்துது. நான் வாசப்படி தாண்டல. எங்க வீட்டுக்கு யாரும் வரவும் இல்ல.”

“யாரும் வரலைன்னா எப்படிம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வேலை சம்பந்தப்பட்ட விஷயம் இது.”

அவள் யோசித்தாள். சட்டென்று அந்தக் கத்தையை இழுத்து, அடியில் கிடந்த முதல் தாளை உருவி எடுத்தாள். முட்டிவலியின் முதல் பதிவு. தேதியைப் பார்த்தாள். பையன் போன பிறகு அவள் வேலைக்குத் திரும்பிய நாளுக்கு மறுநாள். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

“என்னம்மா, யாருன்னு தெரிஞ்சுதா?” என்றார் மேனேஜர் பதறிப்போய்.

“வெளியிலேர்ந்து யாரும் வரல சார். அந்த மேசைல எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுறது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்” என்றாள் அவள். “பையன் போனதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன் சார்.”