சின்னக் கப்பல்

சேக்காட்டு ஃப்ளாட்டின் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சோபாவில் சுலோசனா. அவளுக்கு எதிரே, டீப்பாயில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தபடி, டிராவல்ஸ் தினகரன். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் அவள் கணவர் உலகநாதன்.

டேப்லெட்டில் இரண்டு கப்பல்கள். இரண்டுமே அண்டார்டிகாவுக்குப் போகிறவை.

பெரியதில் நானூற்றைம்பது பேர் போகலாம். ஆட்டம் குறைவு, டாக்டர்கள் இரண்டு பேர். சின்னதில் நூற்றுப் பத்துப் பேர்தான். போகிற வழியில் இரண்டு நாள், கடல் ஆட்களை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல் புடைத்துவிடுமாம்.

"சின்னதுதான்" என்றாள் சுலோசனா.

"பூந்தமல்லி போறதுக்குள்ள ரெண்டு தடவ பஸ்ஸ நிறுத்தச் சொல்றவ" என்றார் உலகநாதன், தினகரனைப் பார்த்து.

தினகரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பென்குயினைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பனிமலைப் படங்கள் வந்தபோது விரலால் தள்ளித் தள்ளிவிட்டாள்.

"நடுவுல எங்கயாச்சும் ஊரு வருமா? கப்பல்ல வேல செய்யறவங்க எறங்கிப் போய்டுற மாதிரி?"

"ஊரா? அங்க ஊடு ஏது, கட ஏதும்மா? பதினோரு நாளைக்கு ஒருத்தரும் எங்கயும் போவ முடியாது. போனா பென்குயினோடதான் குடித்தனம் பண்ணணும்."

"அப்ப அதையே போடுங்க."

உலகநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் கப்பல் அறை வேறு யாருக்கோ போய்விடும். மணி ஐந்தேகால். கோவில்பதாகை மனையை விற்ற பணம் அவர் கணக்கில்தான் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

தினகரனுக்குப் போன் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உலகநாதன் குரலைத் தாழ்த்தினார். "பையனுக்குச் சொல்லாம போய் நிக்கறது தப்பு."

"சொன்னா வேற கப்பலுக்கு மாத்திக்கினு போய்டுவான். போன் நம்பர மாத்தினான். கம்பெனிய மாத்தினான். நடுக்கடல்ல எங்க ஓடுவான்னு பாக்கறேன்."

அந்தச் சின்னக் கப்பலின் சமையலறையில்தான் அவர்கள் மகன் விக்ரம் வேலை செய்தான். மார்ச் வரை அதில்தான் இருப்பான் என்று அவளுடைய அக்கா மகள் அகல்யா துப்புக் கொடுத்திருந்தாள்.

ஆறு வருடமாக அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. முதல் கப்பலில் அவன் சேர்ந்த இரண்டாவது மாதம், சின்ன வயதில் அவனுக்கு இருமுறை வலிப்பு வந்திருக்கிறது என்று கம்பெனிக்கு எழுதியவர் உலகநாதன்தான். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் இணைத்திருந்தார். பயத்தில் எழுதியதுதான். அடுத்த துறைமுகத்திலேயே அவனை இறக்கிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் கடிதத்தின் நகலை அவர் முன்னால் போட்டுவிட்டு, கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனான்.

"ஜெயில் மாதிரி ஆயிடும் அவனுக்கு."

"ஆவட்டும். பதினோரு நாள்தான?"

பால்கனியில் தினகரன் யாரையோ 'மச்சான்' போட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா அவனுக்கு லெட்டர் எழுதிட்டுத்தான் போடுவேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள் கடைசியில்.

அவர் வெள்ளைத் தாளும் ஒரு உறையும் எடுத்தார். தாளில் இடம், தேதி. உறைமேல் பெறுநர் என்று எழுதி விக்ரமின் பெயர், கப்பலின் பெயர், கப்பல் கம்பெனியின் சென்னை அலுவலக முகவரி. அனுப்புநர் என்று எழுதிய பிறகு பேனா நின்றது. பிறகு சுலோசனாவின் பெயரை எழுதினார். தன் பெயரைப் பார்த்தால் அவன் உறையைப் பிரிக்கமாட்டான்.

கடிதம் நான்கே வரி. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்பது ஒன்று. அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு. வேண்டாம் என்றால் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல், ரத்து செய்துவிடுகிறேன் என்பது மூன்று.

நான்காவதை எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டார்.

தாளை மடித்ததும் சுலோசனா எழுந்து வந்து கை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

மடித்த தாளை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மடிப்புக்குள் நுழைந்தது.

"படிச்சா கிழிச்சிடுவேன். நீங்களே ஒட்டிடுங்க."

தாள் அவர் கைக்குத் திரும்பி வந்தது. உறையில் போட்டுப் பசை தடவி, ஓரம் விடாமல் நகத்தால் அழுத்தினார்.

தினகரன் உள்ளே வந்தபோது ஐந்தே முக்கால். அவன் காட்டிய இடங்களிலெல்லாம், இரண்டு பேருக்குமான டிக்கெட்டுக்கு உலகநாதன் கையெழுத்துப் போட்டார். தான் வரவில்லை என்றால் அவள் வாசற்படியைக்கூடத் தாண்டமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"சூப்பர் சார். ஜோடியா ஜமாய்ங்க. கையில வெச்சிருக்கற லெட்டரக் குடுங்க, போற வழியில கூரியர்ல போட்டுடறேன். ஆறரை வரைக்கும் எடுப்பான்."

உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனான்.

சுலோசனா அதற்குள் நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர், ஆளுக்கு எத்தனை ஜோடி காலுறை என்று எழுத ஆரம்பித்திருந்தாள்.

உலகநாதன் பால்கனிக்கு வந்து நின்றார். கீழே தினகரனின் பைக், அவருடைய நான்காவது வரியோடு தெருமுனையைத் திரும்பியது.

'கப்பல் புறப்படும் ஊர்வரை கொண்டுவந்து விடுகிறேன். ஏறப்போவது உன் அம்மா மட்டும்தான்.'