சேதிச் சட்டம்

வாக்கெடுப்பு மணி அடித்ததும் சட்டசபையின் கதவுகளைச் சாத்தினார்கள்.

இனி யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. மந்திரியே கழிப்பறைக்குப் போயிருந்தாலும் அவருடைய ஓட்டு அம்போதான்.

தாழ்ப்பாள் அம்மா தன் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கைக்குள் வீட்டுச் சாவி. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவேயில்லை. உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது.

அந்தப் பேர் வந்தது அவள் கொண்டுவந்த முதல் சட்டத்தால். தையல் ஆலைகளில் பெண்கள் கழிப்பறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று அவள் பேசியபோது சபையே சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள்தான், வெட்கங்கெட்டவர்கள்! சட்டம் நிறைவேறியது. பேரும் ஒட்டிக்கொண்டது.

பிறகு, துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்களுக்கு ஸ்டூல் தரச் சொல்லும் சட்டத்துக்குக் கை தூக்கினாள். இருட்டிய பின் வேலை முடிகிறவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடவேண்டும் என்ற சட்டத்துக்கும் தூக்கினாள். எல்லாம் சின்னச் சின்னச் சட்டங்கள். பெரிய மனிதர்கள் கண்ணில் படாதவை.

இன்றைக்கு வந்திருப்பது மட்டும் அவளுடைய சொந்தத் துக்கத்தில் பிறந்த சட்டம்.

சின்ன வயதில் ஓர் ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்விட்ட சேதி காலையிலேயே ஆலைக்கு வந்துவிட்டது. அவளுக்குச் சொன்னது சாயங்காலம். அதுவரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்திருக்கிறாள், பாவி! அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அழுதபடி கேட்டாள்.

“ஷிப்ட் முடியட்டும்னுதான்” என்றார் சூப்பர்வைசர், நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அந்த வார்த்தையை அவள் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா மகளுக்கு அது தாலாட்டோடு சேர்ந்து மனப்பாடம்.

மசோதா இவ்வளவுதான்: சாவுச் சேதி வந்தால் அந்த நிமிஷமே தொழிலாளியிடம் சொல்ல வேண்டும். கூலியைப் பிடிக்காமல் அனுப்ப வேண்டும். மறைத்தால் ஜெயில். ஊரெல்லாம் அதைச் சேதிச் சட்டம் என்றது.

ஏற்கெனவே அவள் கொண்டுவந்தபோதெல்லாம் ஓட்டுக்கே விடாமல் இழுத்தடித்துக் குப்பையில் போட்டார்கள். இன்று கடைசிக் கூட்டத்தின் கடைசி நாள். அடுத்து தேர்தல். அப்புறம் இவள் யாரோ, சட்டம் யாரோ. ஓர் ஓட்டு குறைந்தாலும் ஊத்திக்கொள்ளும், ஒருத்தரும் நகரக் கூடாது என்று கட்சிக் கொறடா கையைப் பிடித்துக் கெஞ்சாத குறை.

அவள் நகரவில்லை. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. செல்போனை அணைத்துவிட்டிருந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சுக்குத்தான், விசாரித்தார். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாதவள் அவள். படுக்கையிலேயே கிடக்கும் அக்கா, ஆலைக்குப் போகும் அக்கா மகள், இவ்வளவுதான் அவளுக்குக் குடும்பம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“அக்கா எப்படி இருக்காங்க?”

“தூங்குறாங்க.”

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சபை நிறைய ஆட்கள். யாராவது ஒருத்தர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அவள் வாய்விட்டு அழுதிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அவளுடைய முறை வந்தது. எழுந்தாள்.

“ஆதரவு” என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. மேசைகளைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். இத்தனை வருஷம் அவளைக் கிண்டலடித்த எதிர்க்கட்சிக்காரர்கூட வந்து கையைக் குலுக்கினார். சாவி இருந்த கை. அதை விரிக்காமலே நீட்டினாள். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ.

கதவுகள் திறந்தன. தாழ்வாரத்தின் கோடிக்கு, ஆள் இல்லாத மூலைக்குப் போய்ச் செல்போனை உயிர்ப்பித்தாள். உடனே அடித்தது. அக்கா மகள்.

“சித்தி! எத்தனை தடவை போன் பண்றது? வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நிக்கிறேன். என்னைக்கும் இல்லாம ஏன் வெளியில பூட்டிட்டுப் போயிருக்கே? அம்மா உள்ளதானே இருக்காங்க? தட்டித் தட்டிக் கையே வலிக்குது, குரல் கொடுக்கவே மாட்டேங்கறாங்க…”

சொல்லிக்கொண்டே அவள் தட்டுவதும் கேட்டது.

காலையில் பெண் ஆலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் இவள் அக்காவுக்கு டீ கொண்டுபோனாள். எழுப்பத் தொட்ட கை சில்லென்றது. சொன்னால் மகள் ஓடி வருவாள், வீடு நிறைய ஆள் கூடும், உடம்பைப் போட்டுவிட்டுச் சபைக்குப் போக யார் விடுவார்கள்? டீயைத் தலைமாட்டில் அப்படியே வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது சொல்ல வேண்டும். நாளெல்லாம் இதற்காக என்னென்னவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“ஷிப்ட் முடியட்டும்னுதான்…” என்றாள்.

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது.