எட்டுக் கிலோ

"உண்மையச் சொல்லுங்க அங்கிள். யாருக்கும் தெரியாம எங்க போய்ச் சாப்பிடுறீங்க?"

கிளினிக் நர்ஸ் மிஸி மோகனா இப்படிக் கேட்டதும் கணேசமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. லாபு செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோர் அவர். ஆனால் இந்தச் சின்ன கிளினிக்கில் எடை மெஷின்மேல் ஏறி நின்றால் பாதிக் குரல்தான் வரும்.

"மெஷின் கெட்டுருக்கும்லா மிஸி. பூட்ஸக் கழட்டிட்டு ஏறவா?"

"மூணு தடவ ஏறியாச்சு. பூட்ஸு, பெல்ட்டு, சாவிக்கொத்து எல்லாம் கழட்டியாச்சு. இன்னும் எதக் கழட்டப் போறீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி ஏறி அந்தக் கை தடித்துக் கிடந்தது. அவளுக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றார் கணேசமூர்த்தி. முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். மனுஷன் நாலே மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. வரும் திங்கட்கிழமை.

மோகனா அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க பாருங்க. ஒம்பது கிலோ எறங்குனப்ப பிரஷர் நூத்தி இருபத்து நாலு. ரத்தத்துல இன்சுலினும் அளவுக்கு வந்துருச்சு. இப்ப ரெண்டே மாசத்துல எட்டுக் கிலோ ஏறிருச்சு. பிரஷர் நூத்தி அம்பத்திரெண்டு. இன்சுலின் பழையபடி அதிகமா சுரக்குது, அப்படியும் சீனி அடங்க மாட்டேங்குது. இப்படி இருந்தா உங்க கிட்னிய எந்த டாக்டரும் தொட மாட்டாங்க."

"நான் ஒண்ணும் திங்கலையே மிஸி. சாப்பாட்டுக்கடைப் பக்கம் போயே ஆறு மாசமாச்சு. காலையில கஞ்சி, மத்தியானம் கீரை, ராத்திரியும் கஞ்சி. எல்லாம் இவ கையால குடுக்கறதுதான். கேட்டுப் பாருங்க."

"நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் குமுதவல்லி. "வீட்டுல கஞ்சி குடிப்பாரு. வெளிய என்ன செய்றாருன்னு பின்னாலயே போக முடியுமா? வருசா வருசம் இதே கூத்துதான் மிஸி. தைப்பூச விரதத்துல எளைப்பாரு. விரதம் முடிஞ்சு ஆட்டுக்கறியக் கண்டா, சித்திரைக்குள்ள எல்லாம் திரும்பி வந்துரும்."

"இந்தத் தடவ அப்படி இல்ல வல்லி. சாமி சத்தியமா."

கணேசமூர்த்திக்கு மண்டை காய்ந்தது. சாப்பிடவில்லை, தினம் தோட்டத்தில் நடக்கிறார், பிறகு எங்கிருந்து வந்தது எட்டுக் கிலோ? தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்று அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"பயமா இருக்கா அங்கிள்?" மோகனா மெதுவாகக் கேட்டாள். "ஆபரேஷனுக்குப் பயந்து சில பேர் வேணும்னே சாப்பிட்டுட்டு வருவாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ இல்லாம நான் என்னா மிஸி பண்ணப் போறேன்? அத நெனச்சாதான் எனக்குப் பயம்."

இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று மோகனா அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். பிறகு குமுதவல்லியின் தோளைத் தொட்டாள்.

"மனச விட்றாதீங்க ஆன்ட்டி. இப்போதைக்கு ஆபரேஷன் தேதிய ரத்து பண்ணச் சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்."

"நிச்சயமா ரத்துதானே?"

"வேற வழியில்ல."

குமுதவல்லி நீளமாக மூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழ வேண்டியவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மோகனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவரு பொய் சொல்லல மிஸி. ஒரு கிட்னியக் குடுத்துட்டு, அப்புறம் ஒடம்பு ஏறி, பிரஷரும் சீனியும் ஏறுனா, மிச்சம் இருக்கற ஒண்ணு தாங்குமா? அவரும் டயாலிசிஸுக்கு என் பக்கத்துக் கட்டில்ல வந்து படுக்கணுமா? வருசா வருசம் தானா ஏறுற ஒடம்பு. இந்த வருசம் எனக்காக வாயக் கட்டிட்டாரு, ஏறவே இல்ல."

பக்கத்து அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அதான், கஞ்சியில பாதிக்குப் பாதி கெட்டித் தேங்காப்பால் ஊத்தி, நானே ஏத்துனேன்."