கிட்டார்க்காரி கெடுத்த கை

“பீச்சாங்கையில நீட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது?”

முகமது இஸ்மாயில் மிளகுப் பொட்டலத்தை மகளின் இடது கையிலிருந்து பிடுங்கி, தன் வலது கையால் நீட்டினார். தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சிவக்குமார் அதை வாங்கவில்லை.

“காசு குடுத்துத்தான வாங்கறேன் பாய், பிச்சையா கேக்கறேன்?” என்றவர், பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

இஸ்மாயிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏற்காட்டில் எத்தனையோ வருஷமாகக் காபித்தூளும் மிளகும் விற்கிறார். பொருளைக் கொடுப்பதும் காசை வாங்குவதும் வலது கையில்தான் என்பது அவர் கடைச் சட்டம். மகள் ஆஃப்ரின் சின்னக் குழந்தையாக இருந்தபோது எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவாள். சோற்றில் அந்தக் கையை வைத்தால் கைமேலேயே ஓர் அடி போட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் திருத்திவிட்டார்.

அவர் பட்ட பாட்டையெல்லாம் இப்போது ஒருத்தி பாழாக்கிவிட்டாள். புவனா என்று ஒரு கிட்டார்க்காரி. போனைத் திறந்தால் போதும், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடது கையால் கம்பிகளை மீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை, அதில் தமிழும் இல்லாமல் இங்கிலீஷும் இல்லாமல் ஏதோ எழுத்து. பெரிய வெளிநாட்டுக்காரி என்ற நினைப்பு என்று இஸ்மாயில் பல்லைக் கடிப்பார்.

அவளைப் பார்த்துப் பார்த்தே ஆஃப்ரின் கிட்டார் கற்றுக்கொண்டாள். சேலத்து மாமன் வாங்கிக் கொடுத்த கிட்டாரில் கம்பிகளைக் கழற்றி இடது கைக்கு மாற்றி மாட்டினாள். பிறகு பேனா இடது கைக்குப் போனது. இப்போது கடை வேலையும் அந்தக் கைக்கே போய்விட்டது. அதட்டினால், “புவனா அக்காவும் இப்படித்தானுங்க அத்தா” என்பாள். இஸ்மாயிலும் அந்தப் புவனாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஓய்ந்துபோவார்.

இன்று ஓயவில்லை.

“சாயங்கால பஸ்ஸுல அந்தக் கிட்டார உங்க மாமன் ஊட்டுக்கே அனுப்பிடறேன். இனி அத நீ தொடக் கூடாது.”

ஆஃப்ரினுக்குக் கண் கலங்கியது. அந்தக் கிட்டார்தான் அவளுக்கு எல்லாமே என்பது அவருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் படியேறி வந்து, “அரைக் கிலோ காபித்தூள் குடுங்க” என்றாள். இஸ்மாயில் நிமிர்ந்து பார்த்தார். போனில் பார்த்த அதே முகம். கோடை விழாவில் வாசிக்க வருகிறாள் என்று ஆஃப்ரின் காலையில்தான் சொல்லி, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, கிட்டார் வாசிக்கற புவனா நீங்கதானுங்களா?”

“ஆமாங்க” என்று சிரித்தாள் அவள்.

“சிரிக்காதீங்க. நல்லா இருந்த புள்ளைய நீங்க நொம்ப அழகா கெடுத்து வெச்சிருக்கீங்க. எழுதறது, எடுக்கறது, குடுக்கறது எல்லாமே உங்களப் பாத்து பீச்சாங்கையில. வந்த ஆளு திரும்பிப் போறாங்க. உங்க கை எப்படியோ போகட்டும், அத எதுக்குங்க ஊருக்கெல்லாம் படம் புடிச்சுக் காட்டறீங்க?”

புவனா திகைத்துப்போனாள். “நான் வலது கைதாங்க. போன்ல முன்பக்கக் கேமராவுல எடுக்கிறதால கண்ணாடியில பாக்குற மாதிரி மாறித் தெரியுது. பின்னாடி பலகையில இருக்கிற என் பேர்கூட இடம் வலம் மாறித்தான் தெரியும்.”

இஸ்மாயிலின் கோபம் ரெட்டிப்பாகி மகள் பக்கம் திரும்பியது.

“கேட்டியா? அவுங்களே சோத்தாங்கையாம். இல்லாத ஒண்ணப் பாத்துட்டு எம் மானத்த வாங்கியிருக்கியே, இனி யாரச் சொல்லித் தப்பிப்ப?”

புவனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆஃப்ரின் முந்திக்கொண்டாள். அத்தாவை எதிர்த்து அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“அவுங்க சோத்தாங்கைன்னு மொத நாளே எனக்குத் தெரியுமுங்க அத்தா. அவுங்க பேரச் சொன்னா நீங்க அவுங்களத் திட்டுவீங்க, என்னைய அடிக்க மாட்டீங்க.”