ருசி தெரியாத ஞாயிறு

கென்டக்கியில் மாதா கோயில் முற்றத்து நீள அடுப்பின் மேல் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. ஹிக்கரி மரக் கட்டைகளின் புகை வெயிலில் நீலமாக ஏறிக் கலைகிறது. பெர்னடீன் நிலைகொள்ளாமல் அடுப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறாள். இறைச்சியின் மேல் தெளிக்கும் வினிகர்ச் சாற்றை மூன்றாம் முறையாகக் கரண்டியில் எடுத்து வாயில் விடுகிறாள். வெறும் வெந்நீர் மாதிரி இருக்கிறது. போன மாதக் காய்ச்சல் நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே பூசை முடியப்போகிறது. ஊரே பசியோடு வெளியே வரும். டெக்சாஸ்காரனான தங்கை கணவன் டெல்மர் வழக்கம்போல் வம்புக்கு நிற்கிறான். "எங்க ஊர்ல மாட்டு நெஞ்சுக்கறி, ஓக் கட்டை, உப்பு, மிளகு. அவ்வளவுதான் மதினி. கிழட்டு ஆட்டைக் குளிப்பாட்டுற வேலையெல்லாம் கிடையாது." "போங்க மாப்பிள்ளை, மாட்டைக் கரியாக்குறவங்கல்லாம் பேச வந்துட்டாங்க" என்கிறாள், நான்காம் முறையாகச் சாற்றை வாயில் விட்டுப் பார்க்கிறாள். அவன் அதைப் பார்க்கிறான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக அந்தச் சாற்றை நாக்கில் வைக்காதவன், கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். "இதுல புளிப்பு எங்க? ஊத்துங்க." அவள் வினிகரைச் சாய்க்கிறாள். "இன்னும்." சாய்க்கிறாள். "உப்பு ஒரு கை." போடுகிறாள். என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. மணி அடிக்கிறது, கோயில் கதவு திறக்கிறது. "போதுமா மாப்பிள்ளை?" அவன் மறுபடி நக்குகிறான். "போதும். நல்லாருக்குன்னு மட்டும் என் வாயால வராது." அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சாற்றை அள்ளி இறைச்சியின் மேல் தெளிக்கிறாள்.