இல்லாத ஊதா

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மகள் பூங்கோதை, மாப்பிள்ளையின் தகப்பனார் சபாபதி, அவர் தங்கை வடிவாம்பாள். நிச்சயத்துக்கு உடுத்த என் மகளே கணினியில் வடிவமைத்து எங்கள் தறியில் நெய்த சேலை, நடுவில் ஊதாவாக மின்னிக் கிடந்தது.

“நீளத்துக்குச் செவப்பு, குறுக்கே நீலம்ங்கிற. அப்ப ஊதா நூல் எங்கம்மா? இப்பவே இந்த ஏமாத்து வேலையா?” என்று வடிவாம்பாள் சிரித்தார். சபாபதியும் சிரித்தார்.

“பிரிச்சே காட்டறேன், அத்தை.”

நீல இழைகளை ஒவ்வொன்றாக உருவினாள். மடியில் நீலம் குவிந்தது. தரையில் சிவப்பு மிஞ்சியது. ஊதா மட்டும் சற்று நேரம் சுவரில் தங்கி, பிறகு சன்னல் வழியே போயிற்று. நான் தடுக்கவில்லை.

சேலை சாயம் போனதால் சம்பந்தம் முறிந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுச் சாயம் போகாது. முறித்தவள் என் மகள்.