மஞ்சள் அடிக்கச் சொன்ன தலைவர்

"சாம்பல் நிறம் பறக்காது தம்பி. மஞ்சளோ சிவப்போ அடிச்சுக்கொண்டு வா, பாப்பம்."

எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் தலைவர் மீராசாகிபு இப்படிச் சொன்னதும் செந்தூரனுக்குக் கோபம் தலைக்கேறியது.

மீன் பெட்டியின் வெள்ளை நுரை அட்டையை, ரெஜிபோமை, வெட்டி, ஒட்டி, மோட்டர் பூட்டி, அசல் போர் விமானம் மாதிரியே செய்து கொண்டு வந்திருந்தான். மூன்று மாத வேலை.

"ஏன் நானா? அப்பிடி எங்கையும் சட்டம் இருக்கோ?"

"காரணம் கேளாதை. எனக்குப் பிடிக்கேல்லை."

விசுவமடுவின் மாதிரி விமானக் கழகத்தில் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் எட்டுக் கட்சி. ஆனால் தலைவரைத் திட்டுவதென்றால் மட்டும் எல்லோரும் ஒரே கட்சிதான்.

"மஞ்சள் பெயின்ட் ஆரின்ர கடையில விக்குது எண்டு எங்களுக்குத் தெரியாதே?" என்றான் செயலாளர் சியாம். சந்தியில் இருக்கும் ஹார்ட்வெயார் கடை மீராசாகிபுவினுடையது.

"அது மட்டுமே?" வினோஜாவும் சேர்ந்துகொண்டாள். "ஒவ்வொரு ஞாயிறும் ஆரின்ர பிளேன் முதல் போகுது, என்ன நிறம் எண்டு கேட்டுப்போட்டு மோட்டச்சைக்கிளில எங்கையோ போயிடுவார். அவர் திரும்பி வருமட்டும் ஒரு பிளேனும் எழும்பக்கூடாதாம். எங்க போறியள் எண்டு கேட்டால், தேத்தண்ணி குடிக்கவாம்!"

"நாங்கள் வெயிலில காயுறம், அவருக்குத் தேத்தண்ணி!"

வயல் வரம்பிலேயே கூட்டம் கூடியது. தலைவரை மாற்ற விரும்புகிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். அவருடைய கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

புதுத் தலைவர் செந்தூரன்.

மீராசாகிபு சட்டைப் பையிலிருந்து, விமானங்கள் வைக்கும் கொட்டிலின் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் செந்தூரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சந்தோசம் தம்பி. இண்டைக்கு மட்டும் ஒரு பத்து நிமிசம் பொறுத்துப் பறக்கவிடு."

"பழைய தலைவரின்ர சட்டம் எல்லாம் முடிஞ்சுது நானா. இப்பவே விடப்போறன்."

மீராசாகிபு சாம்பல் விமானத்தைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் மோட்டச்சைக்கிளை உதைத்து, புழுதி பறக்கப் போனார்.

"ஆளின்ர கோவத்தைப் பார்!" என்று சியாம் சிரித்தான்.

விமானம் இரைந்துகொண்டு எழும்பியது. வாய்க்காலைத் தாண்டி, வீட்டுக் கூரைகளுக்கு மேலே தாழப் பறந்து, ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். செந்தூரனுக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

இதை முதலில் அக்காவுக்குக் காட்டவேண்டும்!

விமானத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தான். வாய்க்காலைத் தாண்டினால் வீடு. கடைசிச் சண்டையில் அப்பாவும் அம்மாவும் இறந்துபோனபோது அவனுக்கு மூன்று வயது. அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது அக்கா விமலேஸ்வரிதான். இன்றுவரை தையல் மெசினை மிதித்து அவனை வளர்த்ததும் அவள்தான்.

வேலிப் படலையில் மீராசாகிபுவின் மோட்டச்சைக்கிள் நின்றது.

ஓகோ! அக்காவிடம் கோள் சொல்ல வந்துவிட்டாரா மனுசன்? இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று இறங்கியவன், வேலியோரத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

குசினி வாசலில் அக்கா குந்தியிருந்தாள். இரண்டு காதுகளையும் பொத்தியபடி. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் தள்ளி நின்றபடி மீராசாகிபு சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி. கையை எடுங்கோ. அது உங்கட தம்பியின்ர பிளேன்தான். வெறும் மீன் பெட்டி. நான் தொட்டுப் பாத்தனான்."

"சாம்பலாக் கிடந்துது நானா..." என்றாள் அக்கா. "எப்பவும் நீங்கள் வந்து, இண்டைக்கு முதல் மஞ்சள் வரும், பிறகு சிவப்பு வரும் எண்டு சொன்னால், நான் துணிஞ்சு நிண்டு பாப்பன். இண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை. திடீரெண்டு சத்தம். நிமிந்து பாத்தால் சாம்பல்... அண்டைக்குக் குண்டு போட்ட பிளேன் மாதிரியே..."

"பிழை என்னில. பிந்திப்போனன். இனியாவது தம்பியிட்டச் சொல்லுவமே? ஒரு சொல்லுப் போதும்."

"ஐயோ, வேண்டாம் நானா! எனக்குப் பயம் எண்டு தெரிஞ்சால் அவன் அண்டைக்கே எல்லாத்தையும் விட்டிடுவான். அவனுக்கெண்டாலும் வானம் சந்தோசமாக் கிடக்கட்டும்."

செந்தூரனுக்கு ஓடிப்போய் இரண்டு பேரின் காலிலும் விழவேண்டும் போலிருந்தது. ஆனால் அக்கா இத்தனை நாள் மறைத்ததை அவள் முன்னால் போய் நின்று உடைக்க மனம் வரவில்லை. சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த ஞாயிறு.

விமானம் மாம்பழ மஞ்சளில் மினுங்கியது.

"என்னடா, நீயும் நானாவின்ர கடையில பெயின்ட் வாங்கிட்டியே?" என்றான் சியாம்.

"ஓம். இனி எல்லாப் பிளேனுக்கும் இப்பிடித்தான் நிறம் அடிக்கவேணும். தலைவரும் பழையபடி நானாதான்."

"உனக்கென்ன விசரே? போன கிழமைதானே நீயே..."

"காரணம் கேளாதை."

ஓரமாக நின்ற மீராசாகிபுவின் கையில் கொட்டில் சாவியை வைத்தான். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தார்.

"நானா, இண்டைக்கு முதல் எழும்பப் போறது மஞ்சள். நீங்கள் ஆறுதலாப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. வருமட்டும் நாங்கள் காத்துக்கொண்டு நிக்கிறம்."